கயிற்றுச் சோறு

தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. பனி முதலில், அண்ணன் பிறகு. பனி முதலில், அண்ணன் பிறகு. விரலில் மடக்கி வைத்துக்கொண்டாலும் சொல்லும்போது அண்ணனை முந்தி இழுத்துவந்து நிறுத்திவிடுவேன், அவன் பனியில்லாத வெட்டவெளியில் வேர்த்து விறுவிறுத்து நிற்பான், சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், மிக்கேலம்மா சின்னம்மா பொக்கை வாயைத் திறந்து, "ஏன்டி செசிலி, ஒந் தங்கச்சியையே சொல்லச் சொல்லியிருக்கலாம்ல" என்பாள். கதை தப்பினால்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாது. அடுப்பு பற்றிக்கொண்டது. இனி வாயைத் திறக்கக்கூடாது. கயிற்றுச் சாமி குகைக்குள் பேசாமல் இருந்தவர், அதனால் அவர் திருவிழாவன்று அவருக்குச் சோறாக்குகிறவளும் அடுப்பு பற்றியதிலிருந்து பேசக்கூடாது, சோற்றை இறக்கிவைத்து அவர் கதையைச் சொல்லத் தொடங்கும்போதுதான் வாய் திறக்கலாம் என்பது இந்த ஊர் வழக்கம். வல்தேரியார் என்பது அவர் பெயர். அந்தப் பெயர் பூசைப் புத்தகத்தில் இருக்கட்டும், எங்களுக்குக் கயிற்றுச் சாமிதான். ஏதோ ஒரு குளிர்தேசத்தில், ராசாக்கள் காலத்தில், செங்குத்துப் பாறையில் ஒரு குகைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கயிற்றையும் மேலே இழுத்துக்கொண்டவர். எங்கள் மணிப்பாறையில் அதேபோல ஒரு குகை இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் தன் ஊர் ஞாபகத்தில் அவர் சுரூபத்தை அதற்குள் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வருசா வருசம் ஒரு பானைச் சோறு கயிற்றில் ஏறி இறங்குகிறது. ஆக்குகிறவள் யார் என்று சீட்டுக் குலுக்குவார்கள். ஆக்குகிறவளே கதையும் சொல்லவேண்டும், ஆனால் கூச்சப்படுகிறவர்கள் என் தங்கச்சி தெக்லாவைச் சொல்லச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள், இத்தனை வருசமாக அப்படித்தான் நடந்தது. இந்த வருசம் சீட்டு எனக்கு விழுந்தது. புதிதாக வந்திருக்கிற பங்குச்சாமியார், யாருக்குச் சீட்டு விழுந்ததோ அவர்களே சொல்லட்டும் என்றுவிட்டார். அவருக்கென்ன, அவர் கையில் புத்தகம் இருக்கும். என் கையில் அகப்பை இருக்கிறது. விறகு ஈரம். கண் எரிகிறது, யாராவது பார்த்தால் அழுகிறேன் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும், புகைக்குக் கண்ணீர் வருவதை யாரும் கேட்கமாட்டார்கள்.

தெக்லா வந்துவிட்டாள். பார்க்காமலே தெரியும், அவள் வந்தால் பாறையடியில் இருக்கிற பேச்செல்லாம் ஒரு பக்கமாகச் சாயும். நீலப்பூப் போட்ட வெளிர் சேலை. புருசன் காய்ச்சலில் போனபிறகு அடர்ந்த நிறம் உடுத்துவதில்லை என்று அவளாகவே வைத்துக்கொண்டது, அது அவளுக்கு எடுப்பாக இருக்கிறது என்பதை நான் சொன்னால் பாவம். அங்கன்வாடி டீச்சர். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, நடுவில் ஒரு கதவு, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, வேண்டாம் என்று சொன்னவளும் நான்தான், தங்கச்சி தனியாக இருக்கிறாளே என்று. "அக்கா, மொச்சை நல்லா வேகட்டும்க்கா. போன வருசம் ஆரோக்கியத்தக்கா போட்ட மொச்சையில சாமிக்கே பல்லு ஆடியிருக்கும்" என்கிறாள். சுற்றி நிற்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். பாறை மேலிருந்தும் ஒரு சிரிப்பு வருகிறது. அது என் வீட்டுக்காரர். இன்னாசி. கயிறு பிடிக்கிற உரிமை அவர் குடும்பத்துடையது, மேலே உட்கார்ந்து கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். மற்ற நாளில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கை, வார்னிஷ் வாடை போகாத கை. "மச்சான், இன்னைக்கு ஒங்களுக்குத்தான் பெரிய திருவிழா. அக்கா வாயத் தொறக்காது" என்று தெக்லா அண்ணாந்து சொல்கிறாள். "ஆமா டீச்சர், வருசா வருசம் இவ பேருக்கே சீட்டு விழட்டும்னு சாமிகிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்" என்கிறார் அவர். மறுபடி சிரிப்பு. நான் கிண்டுகிறேன். சிரிக்கவும் கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, பேசக்கூடாது என்றுதான் சொன்னார்கள், சிரிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எதற்கு வம்பு என்று உதட்டை இறுக்கி வைத்துக்கொள்கிறேன். அவள் என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். உரிக்கிற கை பாட்டுக்கு உரிக்கிறது, வாய் மேலே பார்த்துப் பேசுகிறது. "மச்சான், நேத்து அந்தச் சின்னது, பனிமேரி பேத்தி, குடுத்த முட்டையைத் தின்னாம அது மேல ஏறி ஒக்காந்திருக்கா." "ம்." "என்னடி பண்றேன்னா, குஞ்சு பொரிக்கிறேன் டீச்சருங்கிறா." "ம்." "அடி, அது அவிச்ச முட்டைடின்னேன்." "ம்ம்..." "அதான் டீச்சர், ஏற்கனவே சூடாத்தான் இருக்கு, சீக்கிரம் பொரிச்சிருமுங்கிறா." அவர் சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் உருண்டு கீழே வந்து விழுந்தது.

அந்த "ம்". அதைத்தான் சொல்கிறேன். யாரிடம் சொல்கிறேன், எனக்குள்தான். வேறு யாரிடம் சொன்னாலும் பைத்தியமா உனக்கு என்பார்கள். ஒருத்தி பேசினாள், ஒருத்தர் உம் கொட்டினார், இதில் என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. அவர் அவளைத் தொட்டதில்லை, தப்பாகப் பார்த்ததில்லை, அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால்கூட "செசிலி, அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டு வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவார். ஆனாலும் அந்த "ம்" வேறு. முதல் "ம்" குட்டையாக வரும், நான் இருக்கிறேன் என்பதுபோல. அடுத்தது கொஞ்சம் நீளும். கதை சூடுபிடித்தால் மூக்கிலிருந்து ஒரு ராகமாக வரும், பிறகு "அப்பறம்?" என்று கேட்பார். அப்பறம்! கல்யாணமாகி இத்தனை காலத்தில் என்னைப் பார்த்து அப்பறம் என்று ஒருநாள் கேட்டதுண்டா. நான் பேசினால் காயிலில் கம்பி சுற்றிக்கொண்டே இருப்பார். ஒருநாள் சோதித்தே பார்த்தேன். கருப்புக் கோழியைக் காணோங்க என்றேன். பேச்சில்லை. சந்துல தேடிட்டேன், வேலியோரம் தேடிட்டேன் என்றேன். பேச்சில்லை. கோழி திண்டுக்கல் பஸ்ஸுல ஏறி டிக்கெட் வாங்கிட்டுப் போயிருச்சுங்க என்றேன். அதற்கும் ஒன்றும் இல்லை. அடுப்படியில தீப்பிடிச்சிருச்சு என்றேன், "என்னது?" என்று எழுந்தார். தீப்பிடித்தால்தான் எனக்கு ஒரு வார்த்தை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். சாயங்காலம், புளி கொட்டை எடுத்துக்கொண்டு அவள் நடுக்கதவுப் படியில் உட்கார்ந்திருப்பாள், அவர் கம்பி சுற்றிக்கொண்டிருப்பார், எண்ணெய் காய்கிறது என்ற சாக்கில் நான் அடுப்படியில் நிற்பேன். அதே கம்பிதான், அதே கைதான், ஆனால் ம், ம், ம் என்று வந்துகொண்டே இருக்கும். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, எண்ணுகிற என்னை நினைத்து எனக்கே கூசிப்போய் விட்டுவிட்டேன். அன்றைக்கு எண்ணெய் காய்ந்து புகைந்தது. அவர் அங்கிருந்தே, "செசிலி, கருகுது பாரு" என்றார். மூக்குக்குத் தெரிகிறது.

தண்ணீர் குறைந்துவிட்டதா. ஒரு சொம்பு ஊற்றலாம். அரிசி தலை தூக்குகிறது. பனி முதலில், அண்ணன் பிறகு. அதற்கும் முன்னால் மாவரைக்கிற ஆலை. அப்பாவின் ஆலையை அண்ணனும் தம்பியும் பங்கு பிரிக்கும்போது சண்டை, அண்ணன் தம்பியைக் கல்லால் அடித்து நெற்றியில் காயம், தம்பி ரத்தத்தோடு காட்டுக்குள் போய்ப் பாறையில் ஏறிக்கொண்டார், அவர்தான் வல்தேரியார். கீழே ஊரில் ஒருத்தி ரொட்டி சுடுகிறவள். அவள் நாளுக்கொரு ரொட்டியை அவர் இறக்கிவிடுகிற கயிற்றில் கட்டி மணியை ஆட்டுவாள், அவர் இழுத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, பேசியதில்லை. பிறகு ஒரு வருசம் பெரிய பனி. பனியில் ஆலை புதைந்துபோக, அண்ணன் பசியோடு பாறையடிக்கு வந்து நிற்கிறான், மேலே இருப்பது தம்பி என்று தெரியாமல். அன்றைக்கு இருந்த ஒரே ரொட்டியில் ஒரு விள்ளல்கூட எடுக்காமல் அவர் அதை அண்ணனுக்குக் கயிற்றில் இறக்கிவிட்டார். முதல் பிடி பகையாளிக்கு. அதற்குப் பிறகு எத்தனை பனி பெய்தாலும் அந்தக் கயிற்றுக்கு நேர் கீழே மட்டும் ஒரு கையகல இடத்தில் பனி படியாது. இந்த இடத்தைத் தெக்லா சொல்லும்போது அழாத பொம்பளை கிடையாது. போன திருவிழாவுக்குப் பழைய சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார், அந்தப் பனி படியாத இடம்தான் பிரியமானவர்களே நம் இருதயம் என்று. அந்த இடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் உண்டாக்கினது. அம்மா படுக்கையில் விழுந்தபோது என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், தெக்லா அப்போது இடுப்புக் குழந்தை, சோறு தின்னமாட்டாள், ஒவ்வொரு வாய்க்கும் கயிற்றுச் சாமி கதையில் ஒரு துண்டு கேட்பாள். கதை தீர்ந்துபோய் கும்பாவில் சோறு மீதி இருந்தது. மீன்காரர் சைக்கிள் பெட்டியில் ஐஸ் கரைந்து, கட்டின கயிற்றோரமாக மட்டும் பள்ளம் விழுந்திருந்ததை அன்று காலையில் பார்த்திருந்தேன், அதை எடுத்துச் சொன்னேன். அவள் "ம்" என்று வாயைத் திறந்தாள். ஆமாம், அவளும் எனக்கு உம் கொட்டினவள்தான். சோற்றை மென்றுகொண்டே, கண் சொருகிக்கொண்டே, ம், ம். என் மடியில் படித்துக்கொண்ட கதை அது. இப்போது ஊரே அவள் வாயில் கேட்டு மூக்கைச் சிந்துகிறது, நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டு அகப்பையைப் பிடித்திருக்கிறேன். இன்னொன்றும் அடிக்கடி தோன்றும். அந்த ரொட்டி சுட்டவளுக்குப் பெயர் இல்லை. கல்லால் அடித்த அண்ணனுக்குக்கூடப் புத்தகத்தில் ஒரு பெயர் போட்டிருக்கிறது. வருசம் பூராவும் மாவு பிசைந்து, விறகு ஊதி, கயிற்றில் கட்டி அனுப்பினாளே, மேலேயிருந்து என்றைக்காவது ஒரு சத்தம் வந்திருக்குமா, கிடைத்தது என்று. அவர் பேசாமல் இருந்தது தவம், சரி. கீழே நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தாளே, அதற்கு என்ன பெயர். அவளுக்கும் ஒரு தங்கச்சி இருந்து, ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல் என்று தங்கச்சி ரொட்டி கொண்டுபோய், அன்றைக்குப் பார்த்து மேலேயிருந்து ஒரு "ம்" கேட்டிருந்தால்? சீ. சாமியைப் போய் என்ன நினைக்கிறேன். மாதாவே, மன்னித்துக்கொள்.

மொச்சையைப் போட்டாயிற்று. இனிக் கொஞ்ச நேரம்தான். கொஞ்ச நேரத்தில் கதை, கதை முடிந்ததும் பானை மேலே போகும், குகை வாசலில் மணி அடிக்கும், பானை கீழே இறங்கும், பிறகு அந்தப் பாழாய்ப்போன முதல் பிடி. சாமி பகையாளிக்குக் கொடுத்ததுபோல, ஆக்கினவள் தனக்கு யார்மேல் மனத்தாங்கலோ அவர்களுக்கு முதல் பிடியைக் கொடுத்து, என்ன மனத்தாங்கல் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லவேண்டும். அதற்குத்தான் சனம் இவ்வளவு வருகிறது, கதைக்கு இல்லை. சாக்கடைத் தண்ணீர், கடன் கேட்டுத் தராத உரல், மொய்யில் பெயர் விட்டுப்போனது, சொல்வார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சோற்றைத் தின்பார்கள். பாதிப் பேர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வதும் உண்டு. நேற்று தெக்லாவே எனக்கு யோசனை சொன்னாள். "நம்ம ரோணிக்கத்தைச் சொல்லிரு அக்கா. ஒங் கருப்புக் கோழியை அவ வீட்டுக் கூடையிலதானே கண்டுபிடிச்ச. நானே அவகிட்ட சொல்லிட்டேன், கையக் கழுவிட்டு முன்னாடி நிக்கிறேன்னா." எனக்குப் பகையாளியைக்கூட அவள்தான் பார்த்துத் தருகிறாள். ஆனால் பொய்ப் பகை சொன்னவர்கள் கதையும் ஊரில் இருக்கிறது. ஆக்னேசம்மா தன் ஓர்ப்படியாளோடு உள்ளுக்குள் வெந்துகொண்டே, சும்மா ஆட்டுக்காரர் பெயரைச் சொல்லி அவருக்குப் பிடிச்சோறு கொடுத்தாள், அது அவர் கையில் தங்காமல் மண்ணில் விழுந்தது. அடுத்த திருவிழா வருவதற்குள் அந்த வீட்டில் நடுச்சுவர் எழும்பியது, ஆக்னேசம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா ஊருக்குப் போனவள் போனவள்தான். விழுந்தது சோற்றுச் சூட்டினால் என்று சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். அப்படியானால் உண்மையைச் சொல்லவேண்டும். தெக்லா முன்னால் போய் நின்று, இவள்மேல்தான் எனக்கு மனத்தாங்கல், இவள் பேசினால் என் வீட்டுக்காரர் உம் கொட்டுகிறார் என்று சொல்லவேண்டும். உம் என்று நான் சொல்வேன், ஊர் அதை உம் என்று கேட்காது. புருசனில்லாதவள், நடுக்கதவு, தாழ்ப்பாள் இல்லை. சோறு ஆறுவதற்குள் அவள் கதை முடிந்துவிடும். அவள் அங்கன்வாடிக்குப் போகிற வழியில் டீக்கடைப் பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாம் ம், ம் என்பார்கள். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார், அப்படி ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு தீப்பிடித்தால்கூட எனக்கு வார்த்தை இருக்காது. பொய் சொன்னால் சாமி வீட்டைப் பிரிப்பார், உண்மையைச் சொன்னால் நானே பிரித்தவள் ஆவேன். எந்தப் பக்கம் கிண்டினாலும் அடிப்பிடிக்கிறது. அடிப்பிடிக்கிறதா. இல்லை, விறகுப் புகைதான்.

இறக்கிவைத்தாயிற்று. உபதேசியார் சவரிராயன் சனத்தைக் கையமர்த்துகிறார். பங்குச்சாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்கிறார். கதை சொல்லும்போது உம் கொட்டவேண்டியது கயிற்றுக்காரர், அதுவும் வழக்கம், குகைக்குள்ளிருந்து சாமியே கேட்கிறார் என்று கணக்கு. ஆகவே இன்றைக்கு அவர் எனக்கு உம் கொட்டியே ஆகவேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவந்து, வடத்தைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு நேரம் மூடிக்கிடந்த வாயைத் திறந்து, "ஒரு குளிர்தேசத்துல" என்கிறேன், என் குரலாக இல்லை, தெக்லா இழுக்கிற மாதிரியே "தேசத்துல"வை இழுத்துவிட்டேன், மிக்கேலம்மா தலையாட்டுகிறாள், நல்லாத்தான் சொல்றா, அப்படியே தங்கச்சி மாதிரி என்கிறாள். "ம்ம்ம்!" என்கிறார் அவர். பாறை திருப்பிச் சொல்கிறது. ஏலக்கடையில் விலை கேட்கிற சத்தம். ஆலை, சண்டை, கல். "ம்ம்ம்!" காடு, பாறை, கயிறு. "ம்ம்ம்!" ஒன்றுபோலவே இருக்கிறது, ஒன்றைவிட ஒன்று குட்டையும் இல்லை நீளமும் இல்லை, போன வருசம் ஆரோக்கியத்தக்காளுக்காகத் தெக்லா சொன்னபோது அவர் கொட்டினது நினைவுக்கு வருகிறது, அதுவும் இப்படித்தான் இருந்ததா, இல்லை வேறா, நினைத்துக்கொண்டே இருந்ததில் பனி வந்து, அண்ணனும் வந்து, இரண்டும் தத்தம் இடத்தில் வந்து நின்றுவிட்டன, நான் கவனிக்கவே இல்லை. பயந்த இடம் தானாகக் கடந்துபோயிற்று. கயிற்றுக்கு நேர் கீழே பனி படியவில்லை என்று சொன்னபோது தெக்லா என்னைப் பார்த்துச் சிரித்தாள், அழகாக, உள்ளுக்குள் கும்பாச் சோறு ஞாபகம் இருக்கிறவள்போல. அவளை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபம். சாமி செத்த இடம் வந்தது. ரொட்டி இழுபடாமல் தொங்கியது, ஏறிப் பார்த்தார்கள், கயிற்று நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். "ம்ம்ம்!" முடிந்தது. சனம் சிலுவை போட்டுக்கொண்டது.

பானை மேலே போகிறது. அவர் தோள் இறுகி இறுகி இழுக்கிறது. குகை வாசலில் மணி அடிக்கிறது. இறங்குகிறது. கயிறு முறுக்கிக்கொண்டு பானை சுற்றுகிறது, காற்றுதான், காற்று இல்லை, முருங்கை இலை ஒன்றுகூட அசையவில்லை, சுற்றுகிறது. தரையில் உட்கார்ந்துவிட்டது. துணியை அவிழ்க்கிறேன். ஆவி முகத்தில் அடிக்கிறது. உபதேசியார் சத்தமாகக் கேட்கிறார். "முதல் பிடி யாருக்கு? என்ன மனத்தாங்கல்?" ரோணிக்கம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வருகிறாள், வாயில் சிரிப்பைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். தெக்லா அவளைக் கண்ணால் காட்டுகிறாள், போக்கா, போ என்று. கையில் சோறு சுடுகிறது. ரோணிக்கத்தைத் தாண்டிவிட்டேன். ஏன் தாண்டினேன். எதிரில் தெக்லா. அவள் கையில் வெங்காய வாடை, கழுத்தில் நான் கட்டிவிட்ட மாதா உத்தரியக் கயிறு. இரண்டு அடி. ஓரடி. அவள் கண் என் கையைப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு வருகிறது, அந்தக் கண்ணில் ஏதோ ஒன்று, பயமா, கேள்வியா, சின்ன வயதில் சோற்றுக்கு வாயைத் திறக்கிறதற்கு முன்னால் வருகிற அந்த நிமிடமா. நான் நிற்கவில்லை. அவளையும் தாண்டிக் கயிற்றடிக்குப் போனேன். இரண்டு கையும் வடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர் என்னைப் பார்த்து, "என்ன செசிலி?" என்றார். வாயைத் திறங்க என்றேன். திறந்தார். ஊட்டிவிட்டேன். சனம் ஓவென்று கத்தியது, யாரோ விசிலடித்தார்கள், "கல்யாண வீட்டுக்கு வந்துட்டமா!" என்றது ஒரு குரல், பங்குச்சாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார். "மனத்தாங்கலைச் சொல்லும்மா" என்றார் உபதேசியார். சொன்னேன். "நான் பேசினா இவரு உம் கொட்டுறதில்ல." பாறையடியே குலுங்கியது. "இப்பத்தானடி மலையே அதிரக் கொட்டுனாரு!" "வீட்டுல" என்றேன். "வீட்டுல எவன்டி கொட்டுறான்? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அது கொறட்டைதான் விடும்" என்று ரோணிக்கம் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சோறு அடைத்த வாயோடு, கயிற்றோடு, அசட்டுத்தனமாக நின்றார், காது சிவந்திருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், சிரிக்கத் திறந்த வாயை மூடிக்கொண்டு நின்றவள் தெக்லா ஒருத்திதான். பொய் சொல்லவில்லை, சாமியே, உண்மையைத்தான் சொன்னேன், பாதி. அப்போதுதான் மிக்கேலம்மா சின்னம்மா கண்ணீர் வரச் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டி செசிலி, ஒனக்குக் கொட்டலேன்னா, அந்தப் பய வேற யாருக்குடி கொட்டுறான்?" சிரிப்பு அடங்கிவிட்டது, வேடிக்கைப் பதில் ஒன்று வரும் என்று அத்தனை முகமும் என்னைப் பார்த்தன, அவர் மெல்லுவதை நிறுத்தினார், எனக்கோ பதில் நாக்கு நுனிக்கே வந்து வாயும் திறந்துவிட்டது. ஆக்கினவள் கடைசியில்தான் தின்னவேண்டும் என்பது முறை. நான் ஓடிப்போய்ப் பானைக்குள் கையைவிட்டு, கை கொண்டமட்டும் சுடுசோற்றை அள்ளி, என் வாயில் நானே அடைத்துக்கொண்டேன்.